தரம் 10, 11 பிள்ளைகளின் வீட்டுவேலைச் சுமையைக் குறைப்பது எப்படி? யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு வியாழக்கிழமை இரவு 10.40 மணியளவில், தரம் 11 இல் படித்துக்கொண்டிருந்த என் மகள் மேசையில் இரண்டு கொப்பிகளை அருகருகே விரித்து வைத்து, ஒன்றில் இருந்ததை மற்றதில் எழுதிக்கொண்டிருந்தாள். தலைப்புகளுக்குச் சிவப்புப் பேனை, உள்ளடக்கத்துக்கு நீலப் பேனை, அடிக்கோட்டுக்கு அடிமட்டம்.

"பள்ளிக்கூட வேலை இன்னும் முடியேல்லையோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ முடிஞ்சுது அம்மா. இது ரியூசன் நோட்ஸ். சேர் நாளைக்குக் கொப்பி பார்ப்பார்."

எட்டிப் பார்த்தேன். பாடசாலையில் மூன்று வாரங்களுக்கு முன்னரே படிப்பித்து முடித்த கைத்தொழில் புரட்சி, தனியார் கல்வி நிலையத்தில் இப்போது மறுபடியும் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலை நான் கற்பிக்கும் பாடசாலையில் இதன் மறுபக்கத்தைக் கண்டேன். நான் கணித ஆசிரியை. முதல்நாள் கொடுத்த 20 கணக்குகளைத் திருத்த உட்கார்ந்தபோது, அடைப்புக்குறிக்கு வெளியே நின்ற மறைக் குறியை உள்ளே பெருக்கும்போது மாற்றாமல் விட்ட ஒரு தவறு 14 கொப்பிகளில், அதே கணக்கில், அதே வரியில் இருந்தது. காலை 7.15 இற்கு வேப்பமரத்தின் கீழ் ஒரு கொப்பி கைமாறி கைமாறிப் பயணம் செய்திருக்கிறது. பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஏனெனில் முதல்நாள் இரவு அதே போன்ற ஒரு பிள்ளையை என் வீட்டிலேயே பார்த்திருந்தேன்.

எங்கள் ஊரில் வீட்டுவேலைச் சுமை என்பது பாடசாலை தரும் வேலை மட்டுமன்று. பாடசாலை ஆசிரியருக்குத் தான் கொடுத்தது தெரியும். ரியூசன் ஆசிரியருக்குத் தான் கொடுத்தது தெரியும். இரண்டும் ஒரே மேசையில் வந்து சேர்வதைப் பிள்ளையைத் தவிர வேறெவரும் முழுமையாகப் பார்ப்பதில்லை. ஆகையால் நேரசூசி போடுவதிலிருந்து இந்த வழிகாட்டி தொடங்கவில்லை. அளவுக்கு மிஞ்சிய வேலையை அழகாக அட்டவணைப்படுத்தினால், அளவுக்கு மிஞ்சிய வேலைக்கு ஓர் அழகான அட்டவணை கிடைக்கும், அவ்வளவுதான். முதலில் எண்ண வேண்டும், பிறகு வெட்ட வேண்டும், நேரசூசி அதற்குப் பின்னர் வரட்டும்.

படி 1: ஒரு வாரத்தை எழுதிப் பாருங்கள்

80 பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து ஒரு திங்கட்கிழமை காலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இரவு வரை எழுதுங்கள். பாடசாலை, ரியூசன், பயணம், வீட்டுவேலை, தூக்கம் ஆகிய ஐந்துக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியன போதும். வீட்டுவேலைக்கு மட்டும் மேலதிகமாக மூன்று விபரங்கள் வேண்டும்: எங்கே கொடுத்தது, எந்தப் பாடம், என்ன வகை வேலை. வகை என்பதற்கு நான்கு சொற்களை வைத்துக்கொள்ளலாம்: பார்த்து எழுதுதல், பயிற்சி, பாடமாக்கல், ஒப்படை.

கொப்பியைப் பிள்ளையே எழுதட்டும். பெற்றோர் எழுதினால் அது உளவறிக்கையாகிவிடும். "போன் பார்த்தது 40 நிமிடம்" என்று பிள்ளை எழுதினால் அதற்கு ஏச்சு விழக்கூடாது. ஒருமுறை ஏசினால் அடுத்த நாளிலிருந்து கொப்பியில் பொய் மட்டுமே இருக்கும்.

என் மகளின் முதல் வாரக் கணக்கு இவ்வாறு இருந்தது. பாடசாலை காலை 7.30 முதல் 1.30 வரை, ஐந்து நாட்களுக்கு 30 மணி. ரியூசன் கிழமை நாட்களில் இரண்டரை மணி வீதம் 12½, சனி 6, ஞாயிறு 3½, ஆக 22 மணி. சைக்கிளில் போய்வரும் நேரம் 6 மணி. வீட்டுவேலை 21 மணி. மொத்தம் 79 மணி. இலங்கையில் கடையிலோ அலுவலகத்திலோ வேலை செய்யும் வளர்ந்த ஒருவருக்கு 1954 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருக்கும் வழமையான வேலைநேரம் வாரத்துக்கு 45 மணி என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். தூக்கமோ இரவு 11.30 முதல் காலை 5 வரை, ஐந்தரை மணி.

இந்த எண்களைக் கண்டதும் வீட்டில் எவரும் எதையும் சொல்லவில்லை. என் கணவர் மட்டும் நம்ப முடியாமல் கல்குலேற்றரை எடுத்து மறுபடியும் கூட்டிப் பார்த்தார்.

படி 2: வேலையை வகை பிரியுங்கள்

21 மணி வீட்டுவேலையை வகை பிரித்தபோது 8 மணி வெறுமனே பார்த்து எழுதுதல், 5 மணி பாடசாலையில் ஏற்கெனவே செய்த அதே அலகின் பயிற்சியை ரியூசனுக்காகத் திரும்பச் செய்தல், 6 மணி உண்மையான பயிற்சியும் பாடமாக்கலும், 2 மணி பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கான ஒப்படை. அதாவது 21 இல் 13 மணி, பிள்ளைக்குப் புதிதாக எதையும் கொடுக்காத வேலை.

பார்த்து எழுதுவதைப் பற்றி எங்களிடையே ஒரு பழைய நம்பிக்கை உண்டு: "ஒருக்கா எழுதினால் பத்துத்தரம் வாசிச்சதுக்குச் சமன்." மனத்திலிருந்து எழுதினால் இது பெரும்பாலும் உண்மைதான். கண் ஒரு கொப்பியிலும் கை மறு கொப்பியிலும் இருக்கும்போது அப்படி நடப்பதில்லை. படித்ததை எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்பதை ஜேர்மன் உளவியலாளர் ஹேர்மன் எபிங்ஹவுஸ் 1885 இலேயே தன்மீதே சோதித்து வெளியிட்டார். 2006 இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே ஆகிய இருவரும் செய்த பரிசோதனையில், ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்தவர்களைவிட, வாசித்தபின் பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவந்து எழுதியவர்களே ஒரு வாரத்தின் பின்னர் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது மாத்திரம் முடிவு மறுதலையாக இருந்தது. மறுபடி வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். இரவு முழுதும் வாசித்துவிட்டு "எல்லாம் தெரியும்" என்று படுக்கும் பிள்ளை பரீட்சை மண்டபத்தில் விழிப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

ஆகவே கொப்பியில் "பார்த்து எழுதுதல்" என்று வரும் ஒவ்வொரு வரியின் அருகிலும் ஒரு கேள்விக்குறி போடுங்கள். இதே குறிப்பு பாடநூலில் இருக்கிறதா? பிரதி எடுத்து ஒட்டலாமா? அரைப் பக்கத்தில் பார்க்காமல் சுருக்கி எழுதினால் ஆசிரியர் ஏற்பாரா? மூன்றில் ஒன்றுக்கேனும் ஆம் என்ற பதில் கிடைத்தால் அந்த வேலை குறைக்கப்படக்கூடியது.

படி 3: இரட்டிப்பை வெட்டுங்கள்

இதுதான் மிகக் கடினமான படி, ஏனெனில் இங்கே வெட்டப்போவது பெற்றோரின் பயத்தை.

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தலை எங்கள் மூத்த தலைமுறை இன்னும் மறக்கவில்லை. 1990களில் மின்சாரமில்லாத ஆண்டுகளில் குப்பி விளக்கில் படித்தவர்கள்தாம் இன்று தாய் தகப்பனாக இருக்கிறோம். இன்றும் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பங்கிடப்படுவதால், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் எங்கள் பிள்ளையும் ஒரே மாவட்டப் பங்குக்காகவே போட்டியிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று இடத்துக்கு ரியூசன் போனால் எங்கள் பிள்ளை இரண்டுடன் நிற்பது ஏதோ குற்றம்போலத் தோன்றுகிறது.

ஆனால் அந்தத் தெரிவு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைக் கொண்டு நடக்கிறது. சாதாரண தரத்தில் எத்தனை ஏ எடுத்தார் என்பதைக் கொண்டு நடப்பதில்லை. சாதாரண தரத்தில் 6 கட்டாயப் பாடங்களும் 3 தொகுதிப் பாடங்களுமாக 9 பாடங்கள். உயர்தரம் படிக்கப் பொதுவாக வேண்டியது ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும். விரும்பிய துறைக்கும் விரும்பிய பாடசாலைக்கும் இதைவிடக் கூடிய பெறுபேறு தேவைப்படலாம் என்பது சரி. ஆனாலும் ஒன்பதுக்கும் ரியூசன் என்பது சந்திகளில் தொங்கும் "9 ஏ" பதாகைகளுக்காக ஓடும் ஓட்டம். அந்தப் பதாகையில் படம் வராத பிள்ளைகளும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆகியிருக்கிறார்கள் என்பதை எந்தக் கல்வி நிலையமும் பதாகை கட்டி அறிவிக்கப்போவதில்லை.

வெட்டும் முறை இதுதான். ஒவ்வொரு பாடத்துக்கும் கடைசி இரண்டு தவணைப் பரீட்சைப் புள்ளிகளை எழுதுங்கள். பாடசாலையில் நல்ல முறையில் கற்பிக்கப்படுகிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள். இதைப் பிள்ளையைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. இரண்டு தவணையிலும் 65 இற்கு மேல் எடுத்து, பாடசாலையிலும் விளங்குகிறது என்று பிள்ளை சொல்லும் பாடத்துக்கு ரியூசன் தேவையில்லை. 65 என்பது நான் வைத்த கோடு, நீங்கள் வேறு கோடு வைக்கலாம். கோடு ஒன்று இருப்பதே முக்கியம். பாடசாலையில் ஆசிரியர் இல்லாத அல்லது அலகுகள் முடிக்கப்படாத பாடங்களுக்கு ரியூசன் வேண்டியிருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாங்கள் வரலாறு, தமிழ், வணிகக் கல்வி மூன்றையும் நிறுத்தி, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றையும் வைத்துக்கொண்டோம். கணித ஆசிரியையின் மகள் கணித ரியூசனுக்குப் போவதேன் என்று கேட்பவர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைக்கு ஒருநாள் மேசையில் இருந்து கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்க்கட்டும்.

நிறுத்தும்போது ரியூசன் ஆசிரியருடன் மனத்தாங்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் எங்களுக்குத் தெரிந்தவர்கள், உறவினரும்கூட. தவணை முடிவில் நேரில் சென்று, "சேர், பிள்ளைக்கு நித்திரை போதாமல் இருக்குது. வாற தவணை வீட்டிலை படிக்க விட்டுப் பார்க்கப் போறம். கடைசி மூன்று மாதம் பேப்பர் வகுப்புக்கு மட்டும் வரலாமோ?" என்று கேட்டோம். ஒருவர் சம்மதித்தார். மற்றவர், "எல்லாரும் ஓடேக்கை நீங்கள் நிக்கிறியள்" என்றார். நின்றோம்.

படி 4: பாடசாலையுடன் பேசுங்கள்

வகுப்பு வட்ஸ்அப் குழுவில் முறையிட வேண்டாம். இரவு 9 மணிக்கு ஒரு தாய் தொடங்க, 9.20 இற்குள் 40 செய்திகள் வந்து, மறுநாள் காலை ஆசிரியர் அறையில் அது வேறு கதையாகிவிடும். வாரக் கணக்கின் பிரதியுடன் வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். "கூடக் கொடுக்கிறீர்கள்" என்று சொல்வதைக் காட்டிலும், "புதன்கிழமை நான்கு பாடத்துக்கு வேலை வருகிறது, செவ்வாய்க்கிழமை ஒன்றும் வருவதில்லை" என்று காட்டுவது பயன் தரும். ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் முன்வையுங்கள்: வகுப்பறையின் ஓரத்தில் ஒரு தாளை ஒட்டி, எந்த ஆசிரியர் எந்த நாளுக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்பதை மாணவ தலைவர் எழுதிவரட்டும். அடுத்துப் பாடமெடுக்க வரும் ஆசிரியர் அதைப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை குறைந்துவிடும். ஒப்படைகளுக்கும் இதே தாள் போதும், ஏனெனில் அவை பெரும்பாலும் தவணை முடிவில் ஒன்பது பாடங்களிலிருந்தும் ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன.

ஆசிரியராக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுவேலை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த அமெரிக்க உளவியலாளர் ஹரிஸ் கூப்பர், தரத்தை 10 நிமிடத்தால் பெருக்கிக் கிடைக்கும் நேரத்தை எல்லாப் பாடங்களுக்குமான ஒருநாள் அளவாகக் கொள்ளும் பழைய விதியை ஆதரித்தவர். தரம் 11 இற்கு அது 110 நிமிடம். 2012 ஆம் ஆண்டின் பீசா சர்வதேச மதிப்பீட்டில், பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு (OECD) நாடுகளின் 15 வயது மாணவர்கள் வீட்டுவேலைக்குச் செலவிட்ட சராசரி நேரம் வாரத்துக்கு ஏறத்தாழ 5 மணி. அவர்களுடைய பாடத்திட்டமும் பரீட்சையும் எங்களுடையவை போன்றவையல்ல, ஆகவே அந்த எண்ணை அப்படியே இங்கே நட்டுவைக்க முடியாது. ஆயினும் 20 கணக்குகளை நான் 6 ஆகக் குறைத்தேன்: அன்றைய அலகில் 4, பழைய அலகுகளிலிருந்து 2. 6 கணக்கைத் திருத்த எனக்கும் நேரம் கிடைக்கிறது. வேப்பமரத்தடி முற்றாக ஓய்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரே தவறு 14 கொப்பிகளில் வருவது நின்றிருக்கிறது.

படி 5: இப்போது நேரசூசி போடலாம்

மிஞ்சிய வேலைக்கே நேரசூசி. முதலில் தூக்கத்தை எழுதுங்கள், மற்றவை அதைச் சுற்றி அமையட்டும். 13 முதல் 18 வயது வரையானவர்களுக்கு 8 முதல் 10 மணிநேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016 இல் பரிந்துரைத்தது. விடியக்காலையில் படித்தால் மனத்தில் நிற்கும் என்பது எங்கள் வீடுகளில் வேதவாக்கு; அதைப் பின்பற்றுவதில் தவறில்லை, ஆனால் 4.30 இற்கு எழுப்புகிறவர் 8.30 இற்குப் படுக்க விடவேண்டும். 11.30 இற்குப் படுத்த பிள்ளையை 4.30 இற்குத் தட்டி எழுப்பி, கோப்பி ஊற்றிக் கொடுத்து மேசையில் இருத்துவது பக்தியாக இருக்கலாம், படிப்பாக இராது. பதின்ம வயதில் உடலின் தூக்க நேரமே இயல்பாகப் பிந்தித் தள்ளிப்போகிறது என்பதால், 9 மணிக்கே நித்திரை வரவில்லை என்று பிள்ளை சொன்னால் அது சாட்டு அன்று.

எங்கள் வீட்டில் வேலை நிறுத்தும் நேரம் இரவு 9.30. அந்நேரத்தில் முடியாத வேலை இருந்தால், கொப்பியில் பெற்றோர் ஒரு வரி எழுதிக் கையொப்பமிடுவோம்: "9.30 வரை செய்தார், 4 ஆம் கணக்குடன் நிறுத்தினோம்." இவ்வாறு எழுதப்போவதை வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஒரு தவணையில் ஐந்து தடவைதான் எழுதினோம், ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே பிள்ளையின் முகத்தில் தெரிந்தது.

மதிய வெய்யிலில் வந்தவுடன் மேசைக்கு அனுப்ப வேண்டாம். சாப்பிட்டு, அரை மணி சாய்ந்து எழும்பட்டும். பாடசாலையின் ஒரு பாடவேளை 40 நிமிடம்; பிள்ளையின் உடல் அதற்குப் பழகியிருப்பதால் வீட்டிலும் 40 நிமிடம் படிப்பு, 10 நிமிடம் ஓய்வு என்பது இயல்பாகப் பொருந்தும். கடினமான பாடம் முதலில் வரட்டும். கணிதத்தின் இரண்டாம் வினாத்தாள் 3 மணிநேரத்தில் 10 வினாக்கள் செய்யும் பரீட்சை, எனவே கடந்தகால வினாத்தாளிலிருந்து ஒரு வினாவை 18 நிமிடத்தில் செய்து பழகுவது 20 கணக்குகளை அரைத் தூக்கத்தில் செய்வதிலும் மேலானது. நாள் முடியும்போது 10 நிமிடம் எல்லாக் கொப்பிகளையும் மூடிவைத்து, அன்று படித்ததை ஒரு வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதட்டும். தாளை நீங்கள் பார்க்க வேண்டியதில்லை.

போனைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. குறிப்புகளும் பயிற்சிகளும் வட்ஸ்அப்பில்தான் வருகின்றன என்பதால் பறித்து வைப்பது நடவாத காரியம். மாலை 6 மணிக்கு ஒருமுறை பார்த்து வேண்டியதைக் குறித்துக்கொண்ட பின் போன் மேசையை விட்டுப் போகவேண்டும், பெற்றோரின் போனும் கூடவே.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்திலும் இந்த நேரசூசி குலையும். குலையட்டும். தேருக்கும் தீர்த்தத்துக்கும் போகாமல் மேசையில் இருத்தி வைக்கப்பட்ட பிள்ளை அன்று எதைப் படித்தது என்று கேட்டுப் பார்த்தால் தெரியும்.

படி 6: சுமை உடம்பில் தெரியத் தொடங்கினால்

ஞாயிறு மாலைகளில் மட்டும் வரும் வயிற்றுவலி, திங்கட்கிழமைத் தலையிடி, சாப்பாட்டை ஒதுக்குதல், கூட்டாளிகளுடன் பேசாமல் விடுதல், சிறிய விடயத்துக்கு வெடித்து அழுதல், முன்பு விரும்பிச் செய்த ஒன்றை முற்றாகக் கைவிடுதல் ஆகியவற்றில் எதுவும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் நேரசூசியை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளையுடன் இருங்கள். "நாங்கள் குப்பி விளக்கிலை படிச்சனாங்கள்" என்ற வசனத்தை அந்த நேரத்தில் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

"இருந்து என்ன பிரியோசனம்" என்பது போன்ற சொல் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக்கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அன்றே நேராகக் கேளுங்கள். அவ்வாறு கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. யாரோ ஒருவர் கேட்டுவிட்டார் என்ற ஆறுதலே பெரும்பாலும் உண்டாகும். ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. ஆரேனும் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று தயங்குபவர்கள், காய்ச்சலுக்கு அங்கே போகும்போது அப்படித் தயங்குவதில்லை என்பதை எண்ணிப் பார்க்கலாம். பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்கான ஆசிரியர் இருந்தால், பிள்ளையின் சம்மதத்துடன் அவரிடமும் சொல்லுங்கள்.

படி 7: அடுத்த தவணையில் மீண்டும் எண்ணுங்கள்

ஒரு தவணை கழிந்ததும் அதே கொப்பியில் மறுபடி ஒரு வாரம் எழுத வேண்டும். எங்கள் இரண்டாவது கணக்கில் பாடசாலை 30, ரியூசன் 12, பயணம் 4, வீட்டுவேலை 12, மொத்தம் 58 மணி. 79 இலிருந்து 21 மணி குறைந்திருந்தது. அதில் 14 மணி தூக்கத்துக்குப் போனது. ஒரு நாளுக்கு ஏழரை மணி, இன்னும் எட்டைத் தொடவில்லை. வரலாற்றில் 4 புள்ளி இறங்கியது, கணிதத்தில் 11 ஏறியது, மற்றவை ஏறக்குறைய அப்படியே நின்றன. மிஞ்சிய 7 மணிக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். கொப்பியில் அதற்கு ஒரு நிரல் இல்லையே அம்மா என்றாள், நானும் போடவில்லை.